மஞ்சள் கிளவுன் கோபி: சுங்கை சிப்புட் தொட்டிக்காரர்களின் கேள்விகள்

அண்ணே, என்னிடம் 40 லிட்டர் தொட்டிதான் இருக்கு. மஞ்சள் கிளவுன் கோபி என்ற குட்டிக் கடல் மீனை விடலாமா?

மீன் தாங்கும், தம்பி. தண்ணீர்தான் தாங்காது. இது மூன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வளராது. பவளக் கிளையில் ஒட்டி உட்கார்ந்தே பொழுதைப் போக்கும், நீந்த இடம் கேட்காது. சிக்கல் நம்ம ஊர் வெக்கை. மத்தியானம் வீட்டுக்குள் 31 டிகிரி, அதற்கு வேண்டியது 25 முதல் 27. தண்ணீர்மேல் காற்றாடி வைத்தால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். 28 வரை சமாளிக்கும். ஆனால் காற்றாடி ஓடினால் நாளுக்கு ஒரு லிட்டர் ஆவியாகிப் போகலாம். உப்பு போகாது. 35 பிபிடியில் (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) இருந்த தண்ணீர் நாலு நாளில் 39-க்குக் கிட்ட போய்விடும். ஆவியானதற்கு நல்ல தண்ணீர்தான் ஊற்றணும், தினமும், கோடு போட்டு வைத்து. உப்புத் தண்ணீர் ஊற்றுவது பலர் செய்யும் தப்பு.

குழாய்த் தண்ணீரில் உப்பு கலக்கலாமா, சார்?

வேண்டாம், டீச்சர். குளோரினும் பாஸ்பேட்டும் இருக்கும். பின்னால் பாசி பிடிக்கும். ஆர்ஓ கருவியில் வடிகட்டிய தண்ணீரில் லிட்டருக்கு 36 கிராம் கடல் உப்புக் கலவை போட்டு, ஒரு நாள் பம்ப் ஓடவிட்டு, உப்பளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி 1.025 வந்தபின் ஊற்றுங்கள். சமையல் உப்பு ஆகாது. மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் ஆகும்வரை மீன் வாங்காதீர்கள். நாலு முதல் ஆறு வாரம் ஆகும்.

வாங்கி ஒரு வாரம் ஆச்சு. செதில் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கல. வயிறு ஒட்டிப்போச்சு. என்ன பண்றது?

கோபி போவது பெரும்பாலும் இப்படித்தான். வாய் சின்னது. ஓடும் தீனியைத் துரத்தாது. தன் கிளைப்பக்கம் வருவதைத்தான் கவ்வும். பெரிய மீன்கள் அதற்குள் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். பம்பை ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். ஊசியில்லாத சிரிஞ்சில் தீனியை உறிஞ்சி, மீனுக்கு இரண்டு விரல் தூரத்தில் மெல்ல விடுங்கள், நாளுக்கு மூன்று வேளை. உறைந்த மைசிஸை (இறால் போன்ற சின்ன உயிரி) நறுக்கிக் கொடுக்கலாம். அதையும் தொடாவிட்டால் உயிருள்ள ஆர்ட்டீமியா (உப்புநீர் இறால்) குஞ்சு. ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் உப்பு, அரைத் தேக்கரண்டி ஆர்ட்டீமியா முட்டை, காற்றுக்குழாய், விளக்கு. நம்ம வெக்கைக்கு ஒரே நாளில் பொரிந்துவிடும், ஹீட்டர் செலவு மிச்சம். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சு அடியில் சேரும். அடியிலிருந்து உறிஞ்சி மெல்லிய துணியில் வடிகட்டி, உடனே கொடுங்கள். நேரமானால் சத்து குறையும்.

கடையில் வாங்கும்போதே வயிறு உள்வாங்கியதை எடுக்காதீர்கள். கண்முன்னே தீனி போடச் சொல்லி, தின்கிறதா என்று பாருங்கள். வேறு மீனோடு ஒரே பையில் கட்டவும் வேண்டாம். மிரண்டால் தோலின் சளியில் நஞ்சு கக்கும், கொஞ்சத் தண்ணீரில் மற்றது சுருண்டுவிடும்.

அக்ரோபோரா பவளத்தைக் கடிச்சுக் காயப்படுத்துதே, அண்ணா?

ஜோடி சேர்ந்திருக்கும். முட்டையிட, கிளையைச் சுற்றி வளையமாகத் தசையை உரித்துச் சுத்தம் செய்யும். அப்புறம் ஆண் காவல் காக்கும். கைப்பிடி அளவு பவளக் கொத்து தாங்கும், விரல் அளவுத் துண்டு சாகும். சின்னத் துண்டு வளர்ப்பவருக்கு ஒற்றை மீன் போதும், அதுவும் எப்போதாவது கொறிக்கும். மென்பவளத் தொட்டியில் இந்தத் தலைவலி குறைவு. இரண்டு குஞ்சாகச் சேர்த்து வாங்கினால் ஆண், பெண் தேட வேண்டாம். தேவைக்கேற்பத் தாமே பால் மாறிக்கொள்ளும்.

மீன்மேல் வெண்புள்ளி (ஒட்டுண்ணி நோய்) வந்தால் செம்பு மருந்து போடலாமா?

இதற்குச் செதில் கிடையாது, செம்பை மோசமாகவே தாங்கும். மருந்துக்குப் பதிலாக, மீனைச் சுத்தமான வேறு வாளிக்கு மூன்று நாளுக்கொரு முறை, நாலு தடவை மாற்றுங்கள். இரண்டு வாளியிலும் வெப்பமும் உப்பும் ஒரே அளவில் இருக்கணும். பழைய வாளியை நன்கு காயவைத்த பிறகே மறுபடி பயன்படுத்துங்கள்.

எங்க தாமானில் (குடியிருப்பில்) டெங்கிக்குப் புகை அடிக்க வராங்க. தொட்டியை என்ன செய்ய, அண்ணே?

அறிவிப்பு வந்த அன்றே தயாராகுங்கள், தங்கச்சி. கொசு மருந்து மீனுக்கும் இறாலுக்கும் கடும் நஞ்சு. ஜன்னலை அடைத்து, தொட்டியை பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரங்களை டேப் போட்டு ஒட்டுங்கள். காற்றுப் பம்பையும் காற்றாடியையும் நிறுத்துங்கள், அறைக் காற்றைத் தண்ணீருக்குள் தள்ளுவது அவைதான். உள்ளே ஓடும் தண்ணீர்ப் பம்ப் ஓடட்டும். புகை அடங்கி, அறையைக் காற்றோட்டமாக்கிய பிறகு திறந்து, ஃபில்டரில் புது ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள்.