பாப்பாவோடு சும்மா இருந்தால் போதுமா?

கேள்வி: எங்கள் பெண் குழந்தைக்கு நாலரை மாதம். அம்மா வீட்டிலிருந்து போன வாரம்தான் சேலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தோம். பிறந்தபோது 2.9 கிலோ, இப்போது 6.1 கிலோ. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். எத்தனை நிமிஷம் பால் குடித்தாள், எத்தனை தடவை ஈரம் பண்ணினாள், எவ்வளவு நேரம் தூங்கினாள் என்று எல்லாவற்றையும் போனில் ஒரு ஆப்பில் குறித்துக்கொண்டே இருக்கிறேன். மூளை வளர்ச்சிக்கென்று விற்கும் கறுப்பு வெள்ளை அட்டைகளையும் தினமும் காட்டுகிறேன். பக்கத்து வீட்டுப் பையன் இதே வயதில் 7 கிலோ, குப்புற விழுகிறான். 'நாள் முழுக்கப் பாப்பாகூடத்தானே இருக்கற, சந்தோஷமா இரு' என்கிறார் அத்தை. எனக்கோ பொழுது எப்படிப் போகிறதென்றே தெரியவில்லை, எதையும் ரசிக்க முடியவில்லை. என் கணவருக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கடை. இரவு 9 மணிக்கு வரும்போது பாப்பா தூங்கியிருப்பாள். மூன்று பேரும் ஒரு நாள் ஏற்காடு போய்வர ஆசை. 'கைக்குழந்தையை மலைக்குக் கொண்டு போகாதீங்க' என்கிறார்கள் வீட்டில். பாப்பாவுக்கு வேண்டியதை நான் சரியாகச் செய்கிறேனா டாக்டர்?
– வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: முதலில் எடையைப் பேசி முடித்துவிடுகிறேன், அது உங்கள் மனதில் உட்கார்ந்திருக்கும்வரை மற்றது எதுவும் காதில் ஏறாது. பிறந்த எடை ஐந்து மாத வாக்கில் இரண்டு மடங்காக வேண்டும் என்பது பொதுக் கணக்கு. உங்கள் பெண் அதை இப்போதே தாண்டிவிட்டாள். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் 4 மாதப் பெண் குழந்தையின் நடு எடை 6.4 கிலோ. 5 கிலோவிலிருந்து 8.2 கிலோ வரை இருப்பதெல்லாம் இயல்புக்குள் அடங்கும். பக்கத்து வீட்டுக்காரன் ஆண் பிள்ளை, அவனுக்கு அட்டவணையே வேறு. குப்புற விழுவது 4 மாதத்திலிருந்து 6 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் நடக்கும். கழுத்து நன்றாக நிற்கிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறாளா, ஆள் நகர்ந்தால் கண் கூடவே போகிறதா, சத்தம் வந்த பக்கம் திரும்புகிறாளா? நாலுக்கும் ஆமாம் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஏதாவது ஒன்று இல்லை என்றால் தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்த ஆப்பை மூடிவிடுங்கள். பால் குடிக்கும் நிமிஷங்களைக் குறிப்பது பிறந்த முதல் சில வாரங்களில், எடை ஏறாத குழந்தைக்கு உதவும். உங்கள் பாப்பாவுக்கு அந்தக் கட்டம் கடந்துவிட்டது. 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல் ஈரம் பண்ணினால் பால் போதுகிறது என்று அர்த்தம். அதற்குப் போன் வேண்டாம், துணி துவைக்கிற கைக்கே தெரியும். சித்திரை வெயிலில் சேலம் கொதிக்கும்போதும் 6 மாதம் முடியும்வரை தண்ணீர் தரத் தேவையில்லை. பாலிலேயே தண்ணீர் இருக்கிறது, வெயில் நாளில் இன்னும் இரண்டு தடவை அதிகமாகக் கேட்பாள், கொடுங்கள். வைட்டமின் டி சொட்டு மருந்து தினமும் 400 யூனிட், ஒரு வயது வரை. 14 வாரத் தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்று அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இந்த வயதில் நீங்கள் கணக்கு வைக்க வேண்டியவை இவ்வளவுதான்.

இனி நீங்கள் உண்மையிலேயே கேட்டிருக்கும் கேள்விக்கு வருகிறேன். பாப்பாவுக்கு வேண்டியதைத் தனியாக ஒரு வேலையாகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள். நான் சொல்ல விரும்புவது, நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலைகளுக்குள்தான் அது இருக்கிறது. குளிப்பாட்டுவதும், துணி மாற்றுவதும், பால் கொடுப்பதும், வாசலில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பதும்தான் அவளுடைய பள்ளிக்கூடம். கறுப்பு வெள்ளை அட்டையால் கெடுதல் இல்லை, ஆனால் அவளுக்கு அதைவிடப் பிடித்தது உங்கள் முகம். பிறந்த குழந்தைக்குத் தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம், அதாவது பால் குடிக்கும்போது உங்கள் மார்புக்கும் முகத்துக்கும் உள்ள தூரம். இப்போது அவளுக்கு அதற்கு மேலும் தெரியும், நிறமும் தெரியும். இருந்தாலும் நகர்கிற, சிரிக்கிற, பதில் சொல்கிற ஒரு முகத்துக்கு எந்த அட்டையும் ஈடாகாது.

நாளைக் காலை இதைச் செய்து பாருங்கள். அவள் பால் குடித்து, ஏப்பம் விட்டு, தெளிவாக முழித்திருக்கும்போது மடியில் மல்லாக்கப் போட்டுக்கொண்டு, 'என்னடி தங்கம், முழிச்சாச்சா?' என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருங்கள். நாம் எல்லோரும் அவசரப்படுவது இந்த இடத்தில்தான், பாப்பா பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வியைப் போட்டுவிடுகிறோம். அவளுக்குச் சில விநாடிகள் பிடிக்கும். முதலில் கண் அகலும். பிறகு இரண்டு காலும் சேர்ந்து உதைக்கும், கை விரல் விரியும், உதடு குவியும். அப்புறம்தான் தொண்டையிலிருந்து 'ங்கூ' என்று ஒரு சத்தம் வரும். அதே சத்தத்தை நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள். மறுபடி காத்திருங்கள். நாலைந்து சுற்று போகும். திடீரென்று முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்ப்பாள், கொட்டாவி விடுவாள். அவளுக்குப் போதும் என்று அர்த்தம், உங்களைப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விட்டுவிடுங்கள், கொஞ்ச நேரத்தில் அவளே திரும்பிப் பார்ப்பாள். பேச்சு வளர்வதும், இந்த வீட்டில் என் சத்தத்துக்குப் பதில் வரும் என்ற நம்பிக்கை வேர்பிடிப்பதும் இப்படித்தான்.

எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் 1970களில் இதைச் சோதித்துக் காட்டினார். கொஞ்சிக்கொண்டிருக்கும் அம்மாவை, இரண்டு மூன்று நிமிஷம் முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் குழந்தையைப் பார்க்கச் சொன்னார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் கொடுக்கும், எதற்கும் பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு சிணுங்கும். இதைக் கேட்டதும் 'நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேனே' என்று பயந்துவிடாதீர்கள். அவருடைய ஆய்வுகளிலேயே உங்களுக்கு ஆறுதலான இன்னொரு விஷயமும் இருக்கிறது. நல்ல நெருக்கமுள்ள தாயும் சேயும்கூட ஒருவருக்கொருவர் சரியாக இசைந்திருப்பது ஏறத்தாழ 30 சதவீத நேரம்தான். மற்ற நேரமெல்லாம் தவறவிடுவதும், மறுபடி வந்து சேர்ந்துகொள்வதுமாகத்தான் போகிறது. அந்தச் சேர்ந்துகொள்வதில்தான் குழந்தை நிறையக் கற்கிறது. ஆகவே நாள் முழுக்க முகத்தோடு முகம் வைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நீங்கள் சாதம் வடிக்கும்போது அவள் பாயில் தன் கையையே பார்த்துக்கொண்டு கிடப்பதும் அவளுக்கு நல்ல பொழுதுதான்.

குளியலை மட்டும் அவசரத்தில் முடிக்காதீர்கள். நம் ஊர்களில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலின்மேல் போட்டுக் குளிப்பாட்டும் முறை எனக்கு மிகவும் பிடித்தமானது, உடம்பு முழுக்க அம்மாவின் சூட்டிலேயே இருக்கும். தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, நெஞ்சிலிருந்து தோளுக்கு, தொடையிலிருந்து பாதத்துக்கு, மெதுவாகத் தடவுங்கள். 'இது பாப்பா கை, இது பாப்பா தொப்பை' என்று சொல்லிக்கொண்டே செய்யுங்கள். தண்ணீர்ச் சூட்டை முழங்கையை விட்டுப் பாருங்கள். மூக்கை இழுத்துவிடுவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதிச் சளி எடுப்பது, மார்பைப் பிதுக்குவது எதுவும் வேண்டாம். சாம்பிராணிப் புகையும் பவுடரும் நுரையீரலுக்கு ஆகாது. அத்தையிடம் இதைச் சண்டையாக இல்லாமல், 'டாக்டர் சொல்லிட்டாரு அத்தை' என்று என் தலையில் போட்டுவிடுங்கள். அதே அத்தை பாடும் தாலாட்டை ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.

பகலில் முழித்திருக்கும்போது நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கையில் குப்புறப் போடுங்கள், ஒரு தடவைக்கு மூன்று நான்கு நிமிஷம், நாளில் பல தடவை. பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் ஐந்தாம் மாதத்தைச் செங்கீரைப் பருவமாக வைத்தார்கள். குழந்தை கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி முகத்தை அசைப்பதைப் பார்க்க மட்டுமே பத்துப் பாட்டு. உங்கள் வீட்டுப் பாயில் இன்னும் சில நாளில் அது நடக்கப்போகிறது, எதிரே நீங்களும் குப்புறப் படுத்துக்கொண்டால் அவள் முகத்தை நேருக்கு நேர் பார்க்கலாம். தூங்குவது எப்போதும் மல்லாக்கத்தான், தலையணை இல்லாமல், கெட்டியான படுக்கையில். தூளி பகலில் நீங்கள் கண்பார்வையில் இருக்கும்போது மட்டும் போதும், முகத்தைத் துணி மூடாமலும் தாடை நெஞ்சில் மடங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவருக்குத் தனியாக ஒரு பத்தி. ஐயா, இரவு 9 மணிக்கு உங்களுக்காகப் பாப்பாவை எழுப்பி வைத்திருக்க முடியாது. அவளுக்குத் தெளிவான நேரம் காலைதான். கடை திறப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தை உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். துணி மாற்றுவது, தோளில் போட்டு ஏப்பம் எடுப்பது, மாடிக்குத் தூக்கிப்போய்ச் சேர்வராயன் மலையைக் காட்டுவது, எல்லாம் உங்கள் பொறுப்பு. அந்த நேரத்தில் உங்கள் மனைவி குளிக்கட்டும், சூடாகக் காபி குடிக்கட்டும், இல்லை சும்மா படுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக் குளியலும் உங்களுடையது. முதல் இரண்டு தடவை அழுவாள், கை பழகியதும் அடங்கிவிடுவாள். உதவி செய்கிறோம் என்ற நினைப்பில் செய்யாதீர்கள், உங்கள் மகள் உங்களுக்குப் பழக வேறு வழி கிடையாது. வெள்ளிக்குப் பேர்போன தெருவில் கடை வைத்திருக்கிறீர்கள், கொலுசு வாங்கி வைத்திருப்பீர்கள். இப்போதைக்குச் சலங்கையோ மணியோ இல்லாத வழுவழு தண்டையாகப் போடுங்கள். இன்னும் ஒரு மாதத்தில் காலை வாயில் வைத்துக் கடிக்கப்போகிறாள், கழன்ற ஒரு மணி மூச்சுக்குழாயில் போய்விடும்.

சகோதரி, 'ரசிக்க முடியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு அப்படியே தாண்டிப்போக எனக்கு மனமில்லை. தூக்கம் போதாத அம்மாவுக்கு ரசனை வராது, அதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. இரவில் இரண்டு மூன்று தடவை எழும் குழந்தையோடு இருக்கிறீர்கள். பகலில் அவள் தூங்கும்போது ஒரு தடவையாவது பாத்திரத்தை விட்டுவிட்டு நீங்களும் படுங்கள், வீட்டில் இருப்பவர்கள் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின் 6 மாதம் சாப்பிட வேண்டும், அம்மா வீட்டிலேயே நிறுத்திவிட்டீர்களா என்று யோசியுங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பின் சிலருக்குத் தைராய்டு குழம்பும், அது சோர்வாகவும் படபடப்பாகவும் மனச்சோர்வாகவும் வெளிப்படும்.

இரண்டு வாரத்துக்கு மேலாக மனம் கனத்தே கிடக்கிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது, பாப்பா தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, அவள்மேல் ஒட்டுதலே வரவில்லை என்றால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். மருந்துக்கும் ஆலோசனைக்கும் நன்றாகக் கட்டுப்படும் நோய் அது, பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் வீட்டில் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஏற்காட்டுக்குத் தாராளமாகப் போய் வாருங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரம் ஆரோக்கியமான குழந்தையை ஒன்றும் செய்யாது, மலை நோய் வருவதெல்லாம் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான். 20 கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டல் வரப்போவது உங்களுக்குத்தான், இரண்டு வயதுக்குள் குழந்தைகளுக்கு அது அபூர்வம். அவளுக்குத் தொந்தரவு காது அடைப்பு, அதுவும் இறங்கும்போது அதிகம். விழுங்கினால் காது திறந்துகொள்ளும். ஆகவே அகலமான இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்திப் பால் கொடுத்துவிட்டு, மெதுவாக இறங்கச் சொல்லுங்கள். வண்டி ஓடும்போது முன் சீட்டில் மடியில் வைத்திருப்பது கூடவே கூடாது. பின் சீட்டில், பின்னோக்கிப் பார்க்கும்படி பொருத்திய குழந்தை இருக்கைதான் பாதுகாப்பு. பைக்கில் போகும் எண்ணம் இருந்தால் இந்த வருஷம் விட்டுவிடுங்கள்.

மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் போகாதீர்கள், சாதாரண வார நாளாகப் பாருங்கள். நீங்கள் போட்டிருப்பதைவிட ஒரு துணி கூடுதலாக அவளுக்கு, கூடவே ஒரு குல்லா. படகு வேண்டாம், இவ்வளவு சின்ன உடம்புக்கு மிதவைச் சட்டை நிற்காது. குரங்குகள் இருக்கும் இடத்தில் கையில் தின்பண்டம் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். ஆறு இடம் பார்க்க வேண்டும் என்று ஓடாமல், ஏரிக்கரையில் நல்ல நிழலாகப் பார்த்துத் துண்டை விரித்து அவளை மல்லாக்கப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நீங்கள் இருவரும் படுத்துக்கொள்ளுங்கள். இலை அசைவதை அவள் பார்ப்பாள், அவள் பார்ப்பதை நீங்கள் பார்க்கலாம். மலைத்தேன் வாங்கினால் பெரியவர்களுக்கு மட்டும். ஒரு வயது முடிவதற்குள் தேனை நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளை முடக்கிவிடும்.

கிளம்பும் நாளில் பாப்பாவுக்கு 100.4 டிகிரி காய்ச்சல் இருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, அமைதியாக இருக்கும்போது எண்ணிப் பார்த்தால் நிமிஷத்துக்கு 50 மூச்சோ அதற்கு மேலோ இருந்தாலோ, பயணத்தை ஒத்திப்போட்டுவிட்டு நேரே குழந்தை மருத்துவரிடம் வாருங்கள்.