சிறார் மிகைபுனைவும் மெய்யியலும்: கேள்வி பதில்

கேள்வி: நார்னியா கதைகளைக் கிறித்தவ உருவகமாக மட்டுமே பலரும் படிக்கிறார்கள். கிரேக்க மெய்யியலுக்கும் அவற்றில் இடம் உண்டா?

பதில்: உறுதியாக உண்டு. அவற்றின் ஆசிரியர் சி.எஸ். லூயிஸ் அதை மறைக்கவும் இல்லை. 1956-இல் வெளிவந்த இறுதி நார்னியா நூலில் டிகோரி என்ற மூத்த பாத்திரம், எல்லாம் பிளேட்டோவிடமே இருக்கிறது, பள்ளிகளில் என்னதான் கற்பிக்கிறார்களோ என்று அங்கலாய்க்கிறார். ஆயினும் அந்த வெளிப்படையான குறிப்பைவிட, 1953-இல் வந்த 'வெள்ளி நாற்காலி'யின் பாதாள அறைக் காட்சியே எனக்கு மேலானதாகப் படுகிறது. பாதாளத்தில் அகப்பட்ட சிறுவர்களையும் துணைவர்களையும் மயக்க, சூனியக்காரி நெருப்பில் பச்சைப் பொடியைத் தூவி, மெல்ல இசை மீட்டியபடி, சூரியன் என்றால் என்ன என்று கேட்கிறாள். அது இந்த விளக்கைப் போன்றது, ஆனால் மிகப் பெரியது என்று அவர்கள் சொன்னதும், விளக்குதான் மெய், அதைப் பார்த்து நீங்கள் புனைந்துகொண்டதே சூரியன் என்று அடித்துப் பேசுகிறாள். பிளேட்டோவின் குகை உவமையில், சுவரில் விழும் நிழல்களையே மெய்யென்று நம்பிக் கட்டுண்டு கிடப்பவர்கள் வெயிலையே அறியாதவர்கள். இங்கோ, வெயிலில் வளர்ந்தவர்களின் வாயாலேயே அது இல்லை என்று சொல்லவைக்கும் முயற்சி நடக்கிறது. அவர்களுடன் இருக்கும் பட்டில்கிளம் என்ற சேற்றுநிலவாசி வெறுங்காலால் நெருப்பை மிதித்து அணைக்க, கருகல் நாற்றத்தில் மயக்கம் தெளிகிறது. அதன் பிறகே அவன், நார்னியா இல்லாவிட்டாலும் நார்னியனாகவே வாழ்வேன் என்கிறான். தத்துவம் இப்படிப் பாத்திரத்தின் உள்ளங்காலைச் சுடும் இடத்தைத்தான் நான் தாக்கம் என்பேன்.

கேள்வி: 'ஓஸின் அற்புத மந்திரவாதி' கதை பிரம்மஞானத்தின் (தியோசபி) மறைபொருளா?

பதில்: அதன் ஆசிரியர் ஃபிராங்க் பாம் 1892-இல் பிரம்மஞான சபையில் சேர்ந்தவர், நூல் வந்தது 1900-இல். கதையில் சோளக்கொல்லைப் பொம்மையும் தகர மனிதனும் சிங்கமும் தேடும் அறிவும் அன்பும் துணிவும் அவர்களிடமே இருப்பதை அந்த நோக்கில் படிக்கலாம். அதன் மஞ்சள் செங்கல் பாதையின் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு மறைபொருள் கற்பிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: அர்சுலா லெ குவினின் எர்த்ஸீ கதையில் வரும் நிழல், மனத்தின் மறைந்த பகுதியை 'நிழல்' என்ற உளவியலாளர் யுங்கிடமிருந்து வந்ததுதானே?

பதில்: 1968-இல் வெளிவந்த முதல் எர்த்ஸீ நூலை எழுதியபோது யுங்கைப் படித்ததில்லை என்று அவரே கூறியிருக்கிறார். அவருடைய ஊற்று சீனத்தின் தாவோ மெய்யியல். பின்னாளில், 1997-இல், அதன் மூலநூலான 'தாவோ தே ஜிங்'குக்குத் தம் சொந்த ஆங்கில வடிவத்தையும் வெளியிட்டார். செருக்கினால் தான் அவிழ்த்துவிட்ட நிழலைக் கதையின் நாயகனான இளம் மந்திரவாதி கெட் கொல்வதில்லை. தன் பெயரையே சொல்லி அதை அழைக்க, அதுவும் அதே பெயரைச் சொல்கிறது, இரண்டும் ஒன்றாகின்றன. நன்மை தீமையை வீழ்த்தும் வழக்கமான முடிவு அங்கே இல்லை.

கேள்வி: ஆன்மிக அனுபவத்தை மிக ஆழமாகத் தொட்ட நூல் எது?

பதில்: ஜார்ஜ் மெக்டொனால்டின் 'வடகாற்றின் பின்புறத்தில்', 1871. ஜெர்மானியக் கவிஞர் நோவாலிஸின் ஆன்மிகப் பாடல்களை மொழிபெயர்த்தவர் அவர். இருளையும் சாவையும் வாசலாகக் காணும் அந்தக் கவிஞரின் பார்வை இந்தக் கதையில் ஊறியிருக்கிறது. வடகாற்று அழகிய பெண்ணாக வந்து டைமண்ட் என்ற சிறுவனைத் தூக்கிச் செல்கிறாள். அவளே கப்பலையும் மூழ்கடிக்கிறாள். அதை எப்படித் தாங்கிக்கொள்கிறாய் என்று அவன் கேட்கும்போது, தான் எழுப்பும் இரைச்சலுக்கு ஊடேயும் தொலைவில் ஒரு பாடல் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்கிறாள். அவளுடைய நாட்டை அடைய வேறு வழியில்லை. உறையவைக்கும் அவள் உடலின் ஊடாகவே அவன் நடந்து போகிறான்.