கயிற்றில் தொங்கும்போது தேனீக்கள் வந்தால்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வார இறுதிகளில் நண்பர்களுடன் ராமநகரப் பாறைகளில் கயிறு கட்டி ஏறிப் பழகி வருகிறேன். சென்ற முறை நாங்கள் ஏறவிருந்த தடத்துக்கு வலப்பக்கம், பாறை முன்துருத்தி நிற்கும் இடத்தின் அடியில், முறத்தைவிடப் பெரிய தேன் அடை ஒன்று தொங்கியது. ‘நாம் சீண்டாதவரை அவை ஒன்றும் செய்யா’ என்று குழுவில் மூத்தவர் சொன்னார். மற்றவர்கள் ஏறினார்கள், நான் ஏறவில்லை. என் அச்சம் மிகையானதா?
– திருச்சி வாசகர், பெங்களூரு

பதில்: மிகையானது அன்று. உங்கள் நண்பர்கள் நலமாகத் திரும்பியதை வைத்து அந்த இடம் பாதுகாப்பானது என்று முடிவு செய்ய வேண்டாம்.

நீங்கள் கண்டது மலைத்தேனீயின் அடை. பெட்டியில் வைத்து வளர்க்கப்படும் இந்தியத் தேனீ பொந்துகளுக்குள் பல அடைகளை அடுக்கிக் கட்டும். மலைத்தேனீயோ பாறையின் அடியிலும் உயர்ந்த மரக்கிளைகளிலும் நீர்த்தொட்டிகளின் அடியிலும் ஒரே அடையைத் திறந்த வெளியில் தொங்கவிடும். அந்த அடை ஒரு மீட்டருக்கு மேல் அகலமாக வளரக்கூடும். சுவரோ பொந்தோ இல்லாத கூட்டுக்குத் தேனீக்களின் உடல்களே காவல் என்பதால், கூட்டத்தின் பெரும்பகுதி அடையின் மேல் பல அடுக்குத் திரையாகப் படிந்திருக்கும். பகை நெருங்குவதாகத் தோன்றினால், அந்தத் திரையிலுள்ள தேனீக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வயிற்றுப் பகுதியை உயர்த்துவதால் அடையின் மேல் ஓர் அலை ஓடுவதைக் காணலாம். பார்க்க அழகான காட்சிதான். ஆனால் பாறையேறுபவர் அதைக் கண்டால் ரசித்து நிற்காமல் உடனே விலக வேண்டும்.

‘சீண்டாதவரை’ என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. பாறையில் ஆணி இறக்கும் அதிர்வு, காலடியில் உதிர்ந்த கல், உரக்கக் கூவிய குரல், வியர்வையோடு கலந்த நறுமணத் தைலம், அடைக்குக் கீழிருந்து மேலேறும் மூச்சுக்காற்று ஆகிய எதையும் அவை சீண்டலாகக் கொள்ளக்கூடும். நீங்கள் எதுவுமே செய்யாதபோதும் தாக்குதல் நேரலாம். தேன் பருந்து அடையைக் கிழித்துப் புழுவைத் தின்ன வரும். அதனால் கலைந்த கூட்டம் அருகில் கிடைத்தவர் மீது தன் சினத்தைக் காட்டும்.

ஒரு தேனீ கொட்டியதும் கொடுக்கின் அருகிலிருந்து எச்சரிக்கை மணம் ஒன்று வெளிப்படுகிறது. வாழைப்பழ வாசனையை ஒத்த அந்த மணம் மற்ற தேனீக்களை அதே இடத்தில் வந்து கொட்டுமாறு அழைக்கிறது. சமதளத்தில் நடப்பவருக்கு அப்போது ஒரு நல்ல வழி இருக்கிறது: ஓடிவிடலாம். மலைத்தேனீ நூறு மீட்டருக்கு மேலும் துரத்தும் என்றாலும், நிற்காமல் ஓடுபவர் பெரும்பாலும் குறைந்த கொட்டுகளோடு தப்புகிறார். கயிற்றில் தொங்குபவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. அவர் முடிச்சை அவிழ்த்தால் விழுவார், அவிழ்க்காவிட்டால் நின்ற இடத்திலேயே நூற்றுக்கணக்கில் கொட்டு வாங்குவார். ஆகவே முடிவு முடிச்சுப் போடுவதற்கு முன்பே எடுக்கப்பட வேண்டும். நீங்கள் எடுத்ததும் அதுதான்.

அடை காலியாகிவிட்டது என்று தோன்றினாலும் தொலைநோக்கியால் பார்த்து உறுதி செய்யுங்கள். மலைத்தேனீ பருவத்துக்கேற்ப இடம்பெயர்வது உண்மை. ஆனால் ஆண்டுதோறும் அதே பாறைக்குத் திரும்பி வருவதும் அதன் இயல்பு. சென்ற ஆண்டு அடை இருந்த தடத்தை உள்ளூர்க் குழுவினர் குறித்து வைத்திருந்தால், அந்தக் குறிப்பை எந்த வழிகாட்டியைவிடவும் மேலாக மதிக்கலாம்.

கேள்வி: எவ்வளவு கவனமாக இருந்தாலும், பாதி உயரத்தில் இருக்கும்போது தேனீக்கள் சூழ்ந்துவிட்டால் என்ன செய்வது? கீழே நின்று கயிறு பிடிப்பவரையும் அவை கொட்டுமே?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: கயிறு பிடிப்பவரைப் பற்றி நீங்கள் கேட்டது மிகச் சரி, பெரும்பாலான அறிவுரைகள் அவரை மறந்துவிடுகின்றன. கொட்டு தாங்காமல் அவர் கையை விட்டால் மேலே இருப்பவர் விழுவார். ஆகையால் தேனீ உள்ள பகுதிகளில் கயிற்றைத் தானாக இறுக்கிப் பிடிக்கும் கருவியையே பயன்படுத்த வேண்டும். அதோடு, ஏறுபவரை ஒரே மூச்சில் தரைவரை இறக்குவதற்குப் போதுமான நீளம் கயிற்றில் இருக்கிறதா என்று ஏறுமுன் பார்த்து, கயிற்றின் நுனியில் தடுப்பு முடிச்சும் போட வேண்டும்.

தாக்குதல் தொடங்கினால், தரை எட்டும் தொலைவில் இருப்பவரை உடனே சீராக இறக்குங்கள். மாட்டிய கருவிகளைக் கழற்றிக்கொண்டு வரும் எண்ணமே வேண்டாம். அவை போனால் போகட்டும். ஏறுபவர் தேனீக்களைக் கையால் அடிக்கவோ விசிறவோ கூடாது. நசுங்கிய தேனீயும் அதே எச்சரிக்கை மணத்தைப் பரப்பும். சட்டையின் கழுத்தைத் தலைக்கு மேல் இழுத்தோ மேலங்கித் தொப்பியை இறுக்கியோ முகத்தையும் வாயையும் மூக்கையும் காத்துக்கொள்வது முதல் வேலை; கண் இமையிலும் தொண்டையிலும் ஏற்படும் வீக்கமே இறங்குவதைத் தடுக்கும். கைக்கடக்கமான வலைத்தொப்பியை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு ஏறுபவர்களைச் சிலர் கேலி செய்வதுண்டு. அந்தக் கேலிக்கு நான் மதிப்பளிக்க மாட்டேன்.

பல கட்டங்களாக ஏறும் உயரமான பாறையில், கயிற்றில் தாமே சறுக்கி இறங்க வேண்டியிருந்தால், கை விட்டாலும் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும் துணைச் சுருக்கு முடிச்சை எப்போதும் போட்டுக்கொள்ளுங்கள். முகத்தில் கொட்டு விழும்போது கை தானாகவே முகத்துக்குப் போகும். எத்தனை பயிற்சி இருந்தாலும் அதைத் தடுக்க முடியாது.

தரையைத் தொட்டதும் முடிச்சை அவிழ்த்து, மூடிய வண்டியையோ கட்டடத்தையோ நோக்கி ஓடுங்கள். குளத்தில் குதிப்பது பயன் தராது. தலை வெளியே வரும்வரை அவை காத்திருக்கும். கொடுக்குகள் தைத்த சட்டையிலும் கயிற்றிலும் மணம் தங்கியிருக்கும் என்பதால், விட்டுவந்த பொருள்களை எடுக்க அன்றே திரும்பிச் செல்லாதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவில் ‘கொலைகாரத் தேனீ’ பாறையேறுபவரைக் கொன்றதாகப் படித்தேன். அதன் நஞ்சு அவ்வளவு கடுமையானதா?
– சென்னை வாசகர்

பதில்: நஞ்சில் பெரிய வேறுபாடு இல்லை, வேறுபாடு எண்ணிக்கையில்தான். 1956-இல் தேன் விளைச்சலைப் பெருக்குவதற்காக ஆப்பிரிக்க ராணித் தேனீக்கள் பிரேசிலுக்குக் கொண்டுவரப்பட்டன. மறு ஆண்டு சில கூட்டங்கள் தப்பிச் சென்று உள்ளூர் ஐரோப்பிய இனத்தோடு கலந்தன. அந்தக் கலப்பினம் வடக்கே பரவி 1990-இல் டெக்சாஸையும் 1993-இல் அரிசோனாவையும் அடைந்தது. ஐரோப்பியத் தேனீ சில பத்துப் பேரை அனுப்பும் இடத்தில் இது நூற்றுக்கணக்கில் அனுப்பும், வெகுதூரம் துரத்தும், அமைதியடைய நெடுநேரம் ஆகும். பாறைப் பிளவுக்குள் கூடு கட்டுவதால், மலைத்தேனீயின் அடையைப் போல அதைத் தொலைவிலிருந்தே காண இயலாது. பிளவுக்குள் கை நுழைக்கும் முன் தேனீக்கள் போய்வரும் ஒரே வழித்தடம் தெரிகிறதா என்று சில நிமிடம் கவனிக்கும் பழக்கம் அங்குள்ளவர்களுக்கு அவசியமாகிவிட்டது. 2013-இல் அரிசோனாவின் சாண்டா ரீட்டா மலையில் தனியே சென்ற ஏறுபவர் ஒருவர் கயிற்றில் தொங்கிய நிலையிலேயே தேனீக்களால் இறந்து கிடந்தார். அவர் நஞ்சால் மட்டும் இறந்தார் என்பதைவிட, நகர முடியாத இடத்தில் சிக்கி இறந்தார் என்பதே பொருத்தம்.

கேள்வி: சீகிரியா செல்லவிருக்கிறோம். அங்கே ‘குளவி தாக்கும்’ என்று எச்சரிக்கிறார்களே?
– கண்டி வாசகி

பதில்: குளவி என்று சொல்லப்பட்டாலும் அங்கே பாறையில் தொங்குபவை பெரும்பாலும் மலைத்தேனீ அடைகளே. சுமார் 200 மீட்டர் உயரமுள்ள அந்தப் பாறையில் நீங்கள் கயிற்றில் அல்ல, படிகளில் ஏறுவீர்கள். ஆயினும் குறுகிய இரும்புப் படியில் கூட்டத்தின் நடுவே ஓட முடியாது என்ற வகையில் நிலைமை ஒன்றுதான். சத்தம் போடாதீர்கள், நறுமணத் தைலம் பூசாதீர்கள். சிங்கப் பாதம் உள்ள மேடையில் தேனீ வந்தால் ஒதுங்குவதற்கென வலையடித்த கூண்டுகள் இருக்கின்றன. ஏறுமுன் அவை எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காவலர் பாதையை மூடியிருந்தால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: என் மகன் பாறையேறப் போகிறான். எத்தனை கொட்டு வரை தாங்கலாம்? கையில் என்ன மருந்து கொடுத்தனுப்புவது?
– சேலம் வாசகி

பதில்: அம்மா, இதற்கு ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரு கொட்டே உயிருக்கு ஆபத்தாகலாம். ஒவ்வாமை இல்லாதவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 20 கொட்டுகள் உயிர்க்கொல்லி அளவு என்று ஒரு கணக்கு உண்டு. அதாவது 60 கிலோ எடைக்கு 1,200. ஆனால் இதை நம்பி 200 கொட்டு வாங்கியவரை வீட்டில் படுக்க வைக்கக் கூடாது. ஐம்பதைத் தாண்டினாலே, ஆள் நலமாகத் தெரிந்தாலும், மருத்துவமனையில் கண்காணிப்பில் வைப்பது நல்லது. நஞ்சு தசையையும் இரத்தச் சிவப்பணுக்களையும் சிதைத்து, பல மணி நேரம் கழித்தோ மறுநாளோ சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். சிறுநீர் கருமையானாலோ குறைந்தாலோ ஒரு கணமும் தாமதிக்கக் கூடாது.

கொடுக்கை எடுக்க நகமா, அட்டையா என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். தோலில் தங்கிய நஞ்சுப் பை தொடர்ந்து நஞ்சை உள்ளே தள்ளுவதால், கிள்ளியோ சுரண்டியோ எப்படியானாலும் விரைவாக எடுப்பதே முக்கியம். மூச்சுத் திணறல், குரல் மாற்றம், உடலெங்கும் தடிப்பு, தலைசுற்றல் இவற்றில் ஒன்று தென்பட்டாலும் தேவைப்படும் மருந்து அட்ரீனலின் ஊசி. அது தொடையின் வெளிப்புறத் தசையில் போடப்படும். அரிப்புக்குத் தரும் மாத்திரை அதற்கு மாற்றாகாது. தானே குத்திக்கொள்ளும் அட்ரீனலின் பேனா நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. மகனுக்கு முன்பு எப்போதாவது கொட்டுக்குப் பின் உடலெங்கும் தடித்திருந்தால், பயணத்துக்கு முன்பே ஒவ்வாமை மருத்துவரைப் பார்த்து, மருந்தை எழுதி வாங்கி, அதைப் போடும் முறையைக் குழுவில் மேலும் இருவருக்காவது கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். பாறைக்கு மிக அருகில் உள்ள, இரவிலும் மருத்துவர் இருக்கும் மருத்துவமனை எது என்பதைக் குழுவினர் புறப்படும் முன்பே விசாரித்து அறிந்திருக்க வேண்டும்.