ஆள் மேலே நிற்கும்போதே சாரத்தை ஓட்டலாமா?

கேள்வி: அமெரிக்காவின் டெக்சாஸில், கிடங்கு ஒன்றில் வயரிங் வேலை எடுத்திருக்கும் சிறு நிறுவனத்தில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். இரண்டரை அடி அகலமுள்ள சக்கரச் சாரத்தில், தனியாக வாங்கிய மோட்டாரைப் பொருத்தியிருக்கிறார்கள். ஆட்கள் எட்டடி உயரத்தில் நின்றபடியே அதை ஓட்டுகிறார்கள். “மோட்டார் புதுசு, எல்லாம் சட்டப்படிதான்” என்கிறார் சூப்பர்வைசர். விபத்து நடந்தால் நான் மாட்டுவேனா? புகார் செய்தால் வேலை போகுமா?

பதில்: மோட்டார் புதுசா பழசா என்பது இங்கே பிரச்சினையே இல்லை. டெக்சாஸில் தனியார் நிறுவனங்களுக்கு மத்திய அரசின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிகள்தான். அதில் 1926.452 என்ற எண்ணுள்ள விதியில், நகரும் சாரம் பற்றிய பகுதி தெளிவாகவே சொல்கிறது: பிற்பாடு பொருத்தும் மோட்டாரால் ஒரு சாரத்தை ஓட்ட வேண்டுமானால், அந்தச் சாரமே அதற்கென்று வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே மோட்டார் விற்றவர் கொடுத்த சான்றிதழ் போதாது. சாரத்தைத் தயாரித்தவரின் கையேட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் அனுமதி இல்லையென்றால் மோட்டாரைக் கழற்ற வேண்டியதுதான்.

அனுமதி இருந்தாலும், ஆளோடு ஓட்டுவதற்குத் தனி நிபந்தனைகள் உண்டு. உங்கள் சாரம் அடிபடுவது இங்கேதான். நகரும்போது உயரம், சாரத்தின் அடிப்பக்க அகலத்தைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. இரண்டரை அடிக்கு ஐந்தடி. உங்கள் ஆட்கள் நிற்பதோ எட்டடியில். அங்கீகரிக்கப்பட்ட நிலைத்தன்மைச் சோதனைக்கு ஏற்பச் செய்த சாரத்துக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. அவுட்ரிகர் (சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் பொருத்தும் தாங்குகால்) போட்டால் இரண்டு பக்கமும் போட வேண்டும். தரைச் சரிவு மூன்று டிகிரிக்குள், பள்ளமோ தடையோ இல்லாமல் இருக்க வேண்டும். வேகம் நொடிக்கு ஓர் அடிக்கு மேல் போகக் கூடாது. வேலை நடக்கும் கிடங்கில் வயர் செல்லும் கான்டூயிட் பைப் ஒரு துண்டு சக்கரத்தில் மாட்டினாலே போதும், சாரம் சாய்ந்துவிடும்.

“பத்தடிக்கு மேல்தானே விழாமல் தடுக்கும் கைப்பிடிக் கம்பி கட்டாயம்?” என்று சூப்பர்வைசர் கேட்கலாம். அது உண்மைதான். ஆனால் ஆளோடு ஓட்டும் விதிக்கு அந்தப் பத்தடிக் கணக்கு கிடையாது.

ஓஷா அபராதம் நிறுவனத்தின் மேல்தான், உங்கள் மேல் அல்ல. ஆனால் ஆட்களை வேலை வாங்கும் பொறுப்பு உங்களிடம் இருந்தால், உங்களுக்குத் தெரிந்தது பொதுவாக நிறுவனத்துக்கே தெரிந்ததாகக் கொள்ளப்படும். அதனால் வாயால் சொல்லி நிறுத்தாமல் மின்னஞ்சல் அனுப்புங்கள். எச்சரித்த பிறகும் தொடர்ந்தால், தெரிந்தே செய்த மீறல் என்று ஓஷா வழக்கைக் கொண்டுபோக வழி உண்டு. 2025 கணக்கில் கடுமையான மீறலுக்கு உச்ச அபராதம் 16,550 டாலர்; தெரிந்தே செய்தால் 1,65,514 டாலர். முதலாளிகள் இந்த வித்தியாசத்தைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

ஓஷாவில் புகார் செய்யும்போது உங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்கலாம். அதற்காக உங்களைப் பழிவாங்கினால், ஓஷா சட்டத்தின் 11(சி) பிரிவின்படி 30 நாட்களுக்குள் முறையிட வேண்டும். அந்தக் கெடு போனால் உரிமையும் ஏறக்குறைய போனதுதான், தள்ளிப்போடாதீர்கள். விசாவில் இருப்பவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனால் எச்-1பி வேலை விசா என்றால், வேலை போனபின் பொதுவாக 60 நாள் அவகாசம்தான். அதனால் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடமும் இப்போதே பேசி வையுங்கள்.

கையேடு கைக்கு வரும்வரை ஆட்களைக் கீழே இறக்கி, சாரத்தைக் கையால் தள்ளி, சக்கரத்தைப் பூட்டிய பிறகே மேலே ஏறச் சொல்லுங்கள்.