புவெப்லாவில் ஐந்து இரவுகள்

வணக்கம் சார்,

டல்லாஸில் இருக்கிறோம். நான், மனைவி, பத்து வயது மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. டிசம்பர் 20 கிளம்பி 27 திரும்புகிற மாதிரி மெக்சிகோ போகலாம் என்று எண்ணம். மெக்சிகோ சிட்டி இரண்டு நாள், அங்கிருந்து புவெப்லா ஒரு நாள், அப்புறம் வஹாகா இரண்டு நாள், குவானாஹுவாத்தோ இரண்டு நாள் என்று எக்ஸெல் போட்டு வைத்திருக்கிறேன். ஸ்பானியர் காலத்து ஊர் ஒன்றையாவது நன்றாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் முக்கிய ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சுத்த சைவம், முட்டையும் கிடையாது. என் வரிசை சரியா? அம்மாவிடம் அமெரிக்க விசிட்டர் விசா இருக்கிறது. மெக்சிகோவுக்குத் தனியாக விசா எடுக்க வேண்டுமா?

– ர.

அன்புள்ள ர,

வரிசை சரிதான். ஊர்கள்தான் அதிகம். இந்த எக்ஸெல்படி போனால் அம்மா மெக்சிகோவைப் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பார். ஒரு ஊரையாவது நன்றாகப் பார்க்க வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஒரே ஊரில் தங்குங்கள். என் ஓட்டு புவெப்லாவுக்கு. ஐந்து இரவு அங்கே, கடைசி இரண்டு இரவு மெக்சிகோ சிட்டி.

நீங்களும் மனைவியும் மட்டும் போவதாக இருந்தால் குவானாஹுவாத்தோ என்று சொல்லியிருப்பேன். வெள்ளிச் சுரங்கத்தால் பணம் கொழித்த ஊர். குறுகிய பள்ளத்தாக்கில் வீடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்கும். பழைய ஆற்றுப்படுகையே இப்போது நிலத்தடிச் சாலை. ஆனால் சந்துக்குச் சந்து படிக்கட்டு, மேடு, வழுக்கும் கல். முழங்கால் வலிக்காரரை அங்கே கூட்டிப்போவது பாவம். மெக்சிகோ சிட்டியிலிருந்து பேருந்தில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் வேறு. வஹாகாவையும் இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அது தனியாக ஒரு வாரம் கேட்கிற ஊர்.

புவெப்லா சமதளம். 1531-இல் ஸ்பானியர் தங்களுக்கென்று புதிதாகக் கோடு போட்டுக் கட்டிய ஊர். தெருக்களின் திட்டத்தை ஒரு பிஷப்பின் கனவில் தேவதூதர்கள் வந்து வரைந்து காட்டினார்கள் என்பது ஊர்க்கதை. கிழமேல் ஓடுவது அவெனீதா, தென்வடல் ஓடுவது காயே. நடுச் சதுக்கத்துக்கு வடக்கே உள்ள அவெனீதாக்களுக்கு இரட்டைப்படை எண், தெற்கே ஒற்றைப்படை. இந்தக் கணக்கை மகளிடம் சொல்லிக்கொடுத்து வழிகாட்டும் பொறுப்பை அவளிடமே விட்டுவிடுங்கள். கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் இருப்பதால் முதல் நாள் கொஞ்சம் மூச்சு வாங்கும். அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம், சதுக்கத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலே போதும்.

மெக்சிகோ சிட்டி விமான நிலையத்திலிருந்தே புவெப்லாவுக்கு நேரடிப் பேருந்து உண்டு. சுமார் இரண்டு மணி நேரம், நெரிசல் இருந்தால் கூடும். இவ்வளவு பக்கம் என்பதால்தான் எல்லோரும் இதை ஒருநாள் உலாவாக்கிவிடுகிறார்கள். பதினோரு மணிக்கு வந்து இறங்குவார்கள், தேவாலயம், மதியச் சாப்பாடு, ஐந்து மணிக்குத் திரும்பும் பேருந்து. காலை வெளிச்சத்தில் போப்போகாதேபெத் எரிமலை புகை விடுவதை அவர்கள் பார்ப்பதில்லை. உள்ளூர்க்காரர்கள் பேரப்பிள்ளைகளோடு சதுக்கத்துக்கு வரும் மாலை நேரத்தையும் பார்ப்பதில்லை. எரிமலைக்கு டிசம்பர் நல்ல மாதம். மழைக்காலம் முடிந்து வானம் பெரும்பாலும் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். இரவில் குளிரும், அம்மாவுக்கு ஸ்வெட்டர் அவசியம்.

பார்க்க வேண்டியவற்றில் முதலில் பலாஃபோக்ஸ் நூலகம். பிஷப் பலாஃபோக்ஸ் 1646-இல் தன்னுடைய 5,000 புத்தகங்களைக் கொடுத்துத் தொடங்கியது. மாணவர்களுக்கும் குருமார்களுக்கும் மட்டுமில்லை, வாசிக்கத் தெரிந்த யாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். இப்போது 45,000 நூல்களுக்கு மேல், மூன்று அடுக்கு மர அலமாரிகளில். திங்கட்கிழமை மூடியிருக்கும். அதற்கடுத்து சாந்தோ தொமிங்கோ கோயிலின் ரொசாரியோ சிற்றாலயம். 1690-இல் முடிந்தது, சுவர் முழுக்க தங்க முலாம் பூசிய சுதை வேலை. எனக்கு அது கொஞ்சம் திகட்டியது. மனைவிக்குப் பிடிக்கலாம்.

மகளுக்கு இரண்டு இடம். இனிப்புக் கடைத் தெருவிலேயே, 6 ஓரியந்தேயில் (கிழக்குப் பக்கத்து ஆறாம் அவெனீதா), செர்தான் சகோதரர்களின் வீடு இருக்கிறது. 1910 நவம்பர் 18 அன்று மெக்சிகோ புரட்சியின் முதல் துப்பாக்கிச் சண்டை நடந்த இடம். குண்டு துளைத்த ஓட்டைகளை முகப்பில் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். இன்னொன்று சாந்தா மோனிகா மடம். கன்னிமடங்களைச் சட்டம் தடைசெய்த பிறகும் கன்னியர் அதற்குள் ஒளிந்தே வாழ்ந்தார்கள். 1934-இல்தான் அரசு கண்டுபிடித்தது. இப்போது அருங்காட்சியகம்.

நமக்கு நெருக்கமான ஒரு கல்லறையும் அந்த ஊரில் இருக்கிறது. சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே சேசு சபையினரின் கோயில். அங்கே அடக்கமான கதாரீனா தெ சான் ஹுவான் இந்தியாவில் பிறந்தவர். சிறுமியாகப் போர்த்துகீசியரிடம் அடிமையாகச் சிக்கி, கொச்சி, மணிலா, அகாபுல்கோ என்று இரண்டு பெருங்கடல் தாண்டி, 1620-ஐ ஒட்டிப் புவெப்லாவில் ஒரு வணிகருக்கு விற்கப்பட்டார். பிறகு நோன்பும் தரிசனங்களுமாக வாழ்ந்து, 1688-இல் இறந்தபோது ஊரே அவரைப் புனிதர் என்று கொண்டாடியது. அவருடைய பாவ அறிக்கையைக் கேட்டுவந்த குரு மூன்று பெரிய தொகுதிகளில் அவர் வாழ்க்கையை எழுதினார். திருச்சபையின் விசாரணை மன்றம் அதைத் தடைசெய்தது. முகலாய அரச குடும்பத்துப் பெண் என்பதெல்லாம் அந்தக் குரு எழுதியது, நான் நம்பவில்லை. சரிகைப் பாவாடையோடு கடைகளில் தொங்கும் ‘சீனா பொப்லானா’ உடை அவருடையது என்பதையும் நம்பாதீர்கள். அது 19-ஆம் நூற்றாண்டின் ஃபேஷன். ஒரு நாள் மாலை ஐந்து நிமிடம் அங்கே நின்றுவிட்டு வாருங்கள்.

ஒரு அரைநாள் சொலூலாவுக்கு. கன அளவில் உலகின் மிகப் பெரிய பிரமிடு, ஆனால் பார்த்தால் புல் மண்டிய குன்று, உச்சியில் ஸ்பானியர் கட்டிய மாதா கோயில். ஏற்றம் செங்குத்து. மகளை மட்டும் மேலே கூட்டிப்போங்கள், அம்மா கீழே இருக்கட்டும். அவருக்கு ஈடாக, காரில் சற்றுத் தள்ளி தோனான்சின்ட்லா கோயில். உள்ளூர்ப் பூர்வகுடிக் கைவினைஞர்கள் கூரை முழுக்கப் பழமும் பூவும் தங்கள் சாயலில் தேவதைகளுமாக நிரப்பியிருக்கிறார்கள். ரொசாரியோவைவிட எனக்கு இது பல மடங்கு உசத்தி. உள்ளே படம் எடுக்க விட மாட்டார்கள்.

சாப்பாடுதான் கஷ்டமான பகுதி. ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் கோழி வரும். பீன்ஸ் மசியலில் பன்றிக் கொழுப்பு, சோற்றில் கோழிச் சாறு, புகழ்பெற்ற மோலே குழம்பிலும் கோழிச் சாறு. ‘சின் போயோ, சின் மன்தேகா, சின் கால்தோ தெ போயோ’ (கோழி இல்லாமல், பன்றிக் கொழுப்பு இல்லாமல், கோழிச் சாறு இல்லாமல்) என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். அம்மாவுக்கு உகந்தது கல்லில் எண்ணெயில்லாமல் சுடும் மக்காச்சோள ரொட்டி. அதற்குள் பூசணிப்பூவும் பாலாடைக்கட்டியும் வைத்த கெசாதியா, நோபாலெஸ் என்கிற கள்ளிக் கறி, பச்சை மிளகாய்ச் சால்ஸா. குடிக்க ‘ஆகுவா தெ தமரிந்தோ’ கேளுங்கள், சர்க்கரை போட்ட புளித்தண்ணீர்தான். செமீத்தா என்ற எள் தூவிய ரொட்டியில் பல இடங்களில் முட்டை சேரும். அது உங்கள் மூவருக்கு. சந்தைகளில் அவகாடோவும் பப்பாளியும் தாராளம். சமையலறையோடு ஒரு அபார்ட்மென்ட் எடுத்து, குக்கரும் பருப்பும் கொண்டுபோனால் அம்மாவும் நிம்மதியாக இருப்பார், நீங்களும்.

விசா. செல்லுபடியாகும் அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் இருந்தால் இந்தியர்களுக்குத் தனி மெக்சிகோ விசா தேவையில்லை. அம்மாவின் விசா பலமுறை நுழையும் வகையா, திரும்பும் நாளிலும் காலாவதி ஆகாமல் இருக்குமா என்று பாருங்கள். உங்கள் பாஸ்போர்ட்டையும் சேர்த்துப் பாருங்கள். வேலை அனுமதியை நீட்டித்த காகிதம் மட்டும் கையில் இருந்து, விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் மெக்சிகோ ஏற்காது.

கடைசியாக ஒன்று. மெக்சிகோவில் கிறிஸ்துமஸ் பண்டிகை 24 இரவுதான். அன்று மாலையே கடைகள் அடைக்கத் தொடங்கும், 25 ஊர் தூங்கும். நீங்கள் அப்போது புவெப்லாவில்தான் இருப்பீர்கள். 23-ஆம் தேதியே தயிர், பழம், ரொட்டி வாங்கிவிடுங்கள். 25 அன்று மெக்சிகோ சிட்டிக்குக் கிளம்பப் பேருந்து டிக்கெட்டையும் இப்போதே போட்டுவிடுங்கள்.