அமெரிக்கத் திவால் வழக்கு ஆவணங்களை எப்படித் தேடுவது? கேள்வி பதில்

அமெரிக்காவில் திவால் வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பாராலீகலாக இருக்கிறேன். டாக்கெட் (வழக்கின் நடவடிக்கைப் பட்டியல்) தேடுவதும் படிப்பதும் என் அன்றாட வேலை. நான் வழக்கறிஞர் இல்லை. அதனால் மனு போடலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு இங்கே பதில் சொல்ல மாட்டேன். ஆவணம் எங்கே இருக்கிறது, அதை எப்படிப் படிப்பது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, நண்பர் ஒருவர் கூட்டாக மோட்டல் வாங்கலாம் என்கிறார். அவர் முன்பு திவால் மனு போட்டவர் என்று காதில் விழுந்தது. எங்கள் கவுண்டி கோர்ட் இணையதளத்தில் தேடினேன், ஒன்றும் இல்லை. அப்படியென்றால் பயமில்லைதானே?

அங்கே இல்லை என்பதை வைத்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள். கவுண்டி கோர்ட்டில் திவால் வழக்கு இருக்கவே இருக்காது. திவால் என்பது ஃபெடரல், அதாவது மத்திய அரசின், சட்டம். நாடு முழுக்க 94 ஃபெடரல் நீதி மாவட்டங்கள் இருக்கின்றன. வழக்கு அவற்றின் திவால் நீதிமன்றங்களில் ஒன்றில்தான் பதிவாகும்.

எந்த நீதிமன்றம் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. 'பேசர்' என்ற ஃபெடரல் நீதிமன்றங்களின் சொந்த இணையச் சேவை இருக்கிறது. அதில் 'கேஸ் லொக்கேட்டர்' என்ற பகுதியில் பெயரைக் கொடுத்தால் நாடு முழுக்கத் தேடும். பொதுவாக மனு போட்ட மறுநாளே அதில் வந்துவிடும். யார் வேண்டுமானாலும் கணக்கு திறக்கலாம், ஏன் தேடுகிறீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். திவால் சட்டத்தின் 107-வது பிரிவே இந்த ஆவணங்கள் பொது ஆவணங்கள் என்கிறது. நீங்கள் பார்த்தது உங்கள் நண்பருக்கும் தெரியப் போவதில்லை.

கேள்வி: பேசரில் கிரெடிட் கார்டு கேட்கிறது. எவ்வளவு பிடிப்பார்கள்?

ஒரு பக்கத்துக்கு 10 சென்ட். ஓர் ஆவணம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதிகபட்சம் 3 டாலர். மூன்று மாதக் காலாண்டில் மொத்தம் 30 டாலரைத் தாண்டாவிட்டால் ஒரு சென்ட்கூட வசூலிக்க மாட்டார்கள். ஒன்றிரண்டு பேரைத் தேடுபவருக்கு நடைமுறையில் இது இலவசம்தான்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். தேடல் முடிவுப் பக்கங்களுக்கும் காசு உண்டு, ஒன்றும் கிடைக்காத தேடலுக்கும் ஒரு பக்கக் கணக்கு ஏறும். அந்த 3 டாலர் உச்சவரம்பு பெயர்த் தேடலுக்குப் பொருந்தாது. வெறும் 'குமார்' என்று போட்டு நாடு முழுக்கத் தேடாதீர்கள். கார்டு தர விருப்பமில்லை என்றால் தராமலே பதிவு செய்யலாம், ஆக்டிவேஷன் கோட் தபாலில் வரச் சில நாள் ஆகும்.

காசே வேண்டாம் என்றால் நீதிமன்றத்தின் கிளர்க் அலுவலகத்துக்கு நேரில் போங்கள். பொதுமக்களுக்கான கணினி இருக்கும், திரையில் படிக்கக் கட்டணம் இல்லை. இணையத்திலேயே பார்க்க 'ரீகேப்' என்ற பிரவுசர் நீட்சி இருக்கிறது. அதை வைத்திருப்பவர்கள் பேசரில் காசு கொடுத்து எடுத்த ஆவணங்கள் 'கோர்ட்லிசனர்' தளத்தில் எல்லோருக்கும் இலவசமாகச் சேர்கின்றன. பெரிய வழக்குகளுக்கு அங்கே நிறையக் கிடைக்கும், தனிநபர் வழக்குகளுக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

கேள்வி: என் வீட்டுக்கு வாடகைக்கு வரக் கேட்பவரின் பெயரில் தேடினால் நான்கு வழக்குகள் வருகின்றன. எது அவருடையது?

நான்கும் அவருடையதாக இல்லாமலும் இருக்கலாம். வேறொருவர் வழக்கை இவர் தலையில் ஏற்றி, கிடைக்க வேண்டிய வீடு கிடைக்காமல் போவது உண்மையாகவே நடக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் முகவரி. மனுவின் முதல் சில பக்கங்களில் மனுதாரரின் முகவரி இருக்கும். அவர் தந்த பழைய முகவரிகளோடு ஒப்பிடுங்கள். மனு போடுவதற்கு முந்தைய 180 நாளில் அதிக காலம் எங்கே குடியிருந்தாரோ அந்த மாவட்டத்தில்தான் பொதுவாக வழக்கு போட முடியும். டெக்சாஸை விட்டு வெளியே வசிக்காதவர் பெயரில் ஓஹியோவில் வழக்கு இருந்தால் சந்தேகப்படுங்கள். அடுத்தது சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம். முழு எண் பொது ஆவணத்தில் வராது, கடைசி நான்கு மட்டும் தெரியும். வாடகை விண்ணப்பத்தில் அவர் எண்ணைக் கொடுத்திருந்தால் பொருந்துகிறதா பாருங்கள்.

நம் ஆட்களுக்குப் பெயரே ஒரு சிக்கல். அப்பா பெயர் கடைசிப் பெயராகிவிடும், இனிஷியல் விரிந்தும் விரியாமலும் வரும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் விசாவில் முதல் பெயர் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழுந்திருக்கும். அதனால் முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் மாற்றிப் போட்டு ஒருமுறை, எழுத்துக்கூட்டலை மாற்றி ஒருமுறை என்று தேடுங்கள். கடந்த 8 ஆண்டுகளில் பயன்படுத்திய மற்றப் பெயர்களையும் மனுவில் எழுத வேண்டும் என்பதால், அந்தப் பெயர்களில் ஒன்றைத் தேடினாலும் பல சமயம் வழக்கு சிக்கும்.

சரி, இவ்வளவு செய்தும் உறுதியாகவில்லை என்றால் அவரிடமே கேளுங்கள். பெயர் ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து மறுக்காதீர்கள்.

கேள்வி: கடன் வாங்கியவர் "என் திவால் கேஸ் முடிந்துவிட்டது, இனி உனக்குத் தர வேண்டியதில்லை" என்கிறார். டாக்கெட்டில் 'டிஸ்மிஸ்டு' என்று இருக்கிறது. அவர் சொல்வது சரியா?

சரியில்லை. 'டிஸ்சார்ஜ்' என்றால்தான் அந்தக் கடன்களைக் கட்டும் பொறுப்பிலிருந்து அவரை நீதிமன்றம் விடுவித்தது என்று பொருள். 'டிஸ்மிஸ்' என்றால் வழக்கு பாதியில் தள்ளுபடியாகிவிட்டது, விடுதலை எதுவும் கிடைக்கவில்லை, பொதுவாகக் கடன் அப்படியே நிற்கிறது. 'குளோஸ்டு' என்பது கோப்பை மூடிவிட்டார்கள் என்பதை மட்டும்தான் சொல்லும், எப்படி முடிந்தது என்று சொல்லாது.

டாக்கெட் என்பது வழக்கில் நடந்த ஒவ்வொன்றையும் தேதிவாரியாகப் பதிந்த பட்டியல். கடைசி வரி வரை படியுங்கள். தவணைத் திட்டம் உள்ள திவால் வகையான சாப்டர் 13-ல் இது இன்னும் முக்கியம். அதில் 3 முதல் 5 ஆண்டுகள் தவணை கட்ட வேண்டும், இடையில் கட்ட முடியாமல் தள்ளுபடியாகும் வழக்குகள் நிறைய. டிஸ்சார்ஜ் ஆர்டர் இருந்தாலும் எல்லாக் கடனும் போய்விடாது. குழந்தைப் பராமரிப்புத் தொகை, பெரும்பாலான கல்விக் கடன், மோசடியால் வந்தது என்று நீதிமன்றம் தீர்த்த கடன் போன்றவை நிற்கும். மீண்டும் கடனைக் கேட்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் டாக்கெட்டைக் காட்டிவிடுங்கள். டிஸ்சார்ஜ் ஆன கடனை வசூலிக்கப் போனால் நீங்கள்தான் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

கேள்வி: நானே சாப்டர் 7 (தவணைத் திட்டம் இல்லாத திவால் வகை) போடப் போகிறேன். ஊரில் சொந்தக்காரர்கள், ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்துவிடுமா? தூக்கமே வரவில்லை.

முதலில் ஒன்று. மருத்துவ பில்லாலும் வேலை போனதாலும் இந்த நிலைக்கு வந்த பலருடைய மனுக்களைப் பார்த்திருக்கிறேன். இது சட்டம் தந்திருக்கும் வழி, இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

தேடுபவருக்குக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் தேட வேண்டும். நீதிமன்றம் ஊருக்கெல்லாம் சொல்லாது. கடிதம் போவது உங்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் என்று நீங்கள் பட்டியலில் எழுதியவர்களுக்கு. அதனால் அத்தையிடமோ நண்பரிடமோ கைமாற்று வாங்கியிருந்தால் அவருக்கும் போகும். அவரை விட்டுவிட்டு எழுதவும் கூடாது. கடிதம் போகும் முன் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

மனுவைத் திறந்தால் என்ன தெரியும்? சொத்து, கடன் கொடுத்தவர்களின் பெயர், வருமானம், மாதச் செலவு, கடன் தொகைகள் எல்லாம் அட்டவணைகளாக இருக்கும். தெரியாதவை: முழு சோஷியல் செக்யூரிட்டி எண், முழு வங்கிக் கணக்கு எண், பிறந்த தேதி (ஆண்டு மட்டும் வரலாம்), குழந்தைகளின் முழுப் பெயர். ஆனால் இவற்றை மறைப்பது மனு போடுபவர் பொறுப்பு, கிளர்க் சரிபார்க்க மாட்டார். இணைக்கும் சம்பளச் சீட்டையும் வங்கி ஸ்டேட்மெண்டையும் ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள்.

வேலையைப் பொறுத்தவரை, திவால் மனு போட்டார் என்ற ஒரே காரணத்துக்காகத் தனியார் முதலாளி உங்களை வேலையை விட்டு நீக்க திவால் சட்டத்தின் 525-வது பிரிவு தடை போடுகிறது. புதிதாக வேலைக்கு எடுக்கும்போது இந்தப் பாதுகாப்பு தனியார் நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்று பல மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. வேலை மாறும் எண்ணம் இருந்தால் வழக்கறிஞரிடம் இதைப் பேசுங்கள்.

கேள்வி: இணையம் பழக்கமில்லாத மாமனாருக்கு வழி உண்டா?

உண்டு. 866-222-8029 என்ற எண்ணை அழைத்தால் தானியங்கிக் குரல் சேவை வழக்கின் அடிப்படை விவரங்களைச் சொல்லும். இலவசம், 24 மணி நேரமும் உண்டு. ஆவணம் மட்டும் கிடைக்காது.

கேள்வி: 1996-ல் போட்ட என் வழக்கின் டிஸ்சார்ஜ் நகல் வேண்டும். பேசரில் ஆவணம் எதுவும் திறக்கவில்லை.

2003 டிசம்பர் 1-க்கு முன் தாக்கலாகி, முடிந்து ஓராண்டுக்கு மேலான திவால் வழக்குகளின் ஆவணங்களைப் பேசரில் காட்டுவதில்லை. அந்தத் தேதிக்குப் பிறகுதான் கடைசி நான்கு இலக்க விதி வந்தது. பழைய காகிதங்களில் முழு சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் இருக்கும் என்பதால் இந்த ஏற்பாடு. டாக்கெட் பட்டியல் கிடைத்தால் அதில் டிஸ்சார்ஜ் தேதி இருக்கிறதா பாருங்கள், சில இடங்களுக்கு அதுவே போதும்.

நகலே வேண்டும் என்றால் வழக்கு நடந்த நீதிமன்றத்தின் கிளர்க் அலுவலகத்தை முதலில் கேளுங்கள். கோப்பு தேசிய ஆவணக் காப்பகத்தின் சேமிப்பு மையத்துக்குப் போயிருந்தால், கோப்பை அங்கே மாற்றியதற்கான எண்ணையும் (ட்ரான்ஸ்ஃபர் நம்பர்) பெட்டி எண்ணையும் அவர்கள்தான் தர முடியும். அந்த எண்கள் இல்லாமல் காப்பகத்தில் கேட்டால் திரும்ப நீதிமன்றத்துக்கே அனுப்புவார்கள். வங்கிக்காக என்றால் சான்றளித்த நகல் வேண்டுமா, சாதா நகல் போதுமா என்று முன்கூட்டியே கேளுங்கள், சான்றுக்குத் தனிக் கட்டணம்.

கேள்வி: நான் சரக்கு கொடுத்த கம்பெனி சாப்டர் 11-க்குப் (பெரும்பாலும் நிறுவனங்கள் கடனைச் சீரமைக்கப் போடும் திவால் வகை) போய்விட்டது. எங்கே பார்ப்பது?

டெலவேர் மாநிலத் திவால் நீதிமன்றத்தையும் பாருங்கள். கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் கம்பெனி அங்கே பதிவாகியிருந்தால் வழக்கு அங்கே போடலாம். பெரிய வழக்கு என்றால் க்ரோல், எபிக், ஸ்ட்ரெட்டோ போன்ற, வழக்கின் அறிவிப்புகளையும் கிளெய்ம்களையும் கையாளும் ஏஜென்ட் நிறுவனங்கள் வழக்குக்கென்றே ஒரு தளம் நடத்தும். டாக்கெட் முழுவதையும் அங்கே இலவசமாகப் படிக்கலாம், உங்களுக்கு வர வேண்டிய தொகையைக் கோரும் கிளெய்ம் படிவமும் கிடைக்கும். கிளெய்முக்கான கடைசித் தேதியை இன்றைக்கே தேடி எடுங்கள். அதைத் தவறவிட்டால் வர வேண்டிய பணமும் போய்விடலாம்.

கேள்வி: 10 ஆண்டு ஆனால் பதிவு அழிந்துவிடுமா?

கிரெடிட் ரிப்போர்ட்டிலிருந்து போகும், நீதிமன்றப் பதிவு போகாது. சாப்டர் 7 ரிப்போர்ட்டில் 10 ஆண்டு வரை இருக்கலாம், சாப்டர் 13-ஐ வழக்கமாக 7 ஆண்டில் எடுத்துவிடுகிறார்கள். ரிப்போர்ட்டில் தவறு இருந்தால் கிரெடிட் நிறுவனத்திடம்தான் முறையிட வேண்டும். நீதிமன்றம் அவர்களுக்கு எதையும் அனுப்புவதில்லை, அவர்களே பொதுப் பதிவிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். பதிவையே அழித்துத் தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எனக்குப் பணம் தர வேண்டியவரின் மனுவைப் படித்தேன். அவருக்கு இருக்கும் ஒரு நிலத்தை அதில் காட்டவே இல்லை. என்ன செய்ய?

சொத்துகள் வரும் 'ஏ/பி' அட்டவணையை மறுபடி பாருங்கள். பிறகு டாக்கெட்டில் திருத்திய அட்டவணை ஏதும் வந்திருக்கிறதா பாருங்கள், விடுபட்டதைப் பின்னால் சேர்ப்பது சாதாரணமாக நடக்கும். அப்புறம் கவுண்டி பதிவேட்டில் நிலம் இன்னும் அவர் பெயரில் இருக்கிறதா என்று பார்த்து நகல் எடுங்கள்.

எல்லாம் பார்த்தும் இல்லை என்றால் வழக்கின் ட்ரஸ்டிக்கு (வழக்கைக் கவனிக்க நியமிக்கப்பட்டவர்) எழுதுங்கள். அவர் பெயர் டாக்கெட்டின் தலைப்பிலேயே இருக்கும். கடன் கொடுத்தவர்கள் கூட்டத்தின் தேதியும் டாக்கெட்டில் இருக்கும். அதில் நீங்களும் கலந்துகொண்டு கேள்வி கேட்கலாம். வேண்டுமென்றே மறைத்தது போலத் தெரிந்தால் திவால் வழக்குகளை மேற்பார்வையிடும், நீதித்துறையின் யு.எஸ். ட்ரஸ்டி அலுவலகத்துக்கும் தெரிவிக்கலாம். அலபாமாவிலும் வட கரோலினாவிலும் அந்த வேலையைத் திவால் நிர்வாகி அலுவலகம் பார்க்கிறது. சாப்டர் 7 என்றால் டிஸ்சார்ஜை எதிர்க்க, கூட்டத்துக்கு முதலில் குறித்த தேதியிலிருந்து 60 நாள்தான் அவகாசம். கூட்டம் தள்ளிப்போனாலும் அந்தக் கணக்கு மாறாது, அதனால் வழக்கறிஞரை இந்த வாரமே பாருங்கள்.