ஜோடிய மாத்தலாமா?

தம்பி, பட்மின்டன் இரட்டையர் ஆட்டத்தில மூணு போட்டியிலயும் முதல் சுற்றோட வெளிய வந்துட்டம், ஜோடிய மாத்தவா எண்டு கல்முனையில இருந்து கேட்டிருக்கீங்க. அவசரப்படாதீங்க. வெளிநாட்டுப் போட்டிக் கனவு இருந்தா, உலகத் தரவரிசைப் புள்ளி ஜோடிக்குத்தான் சேரும்; ஆள மாத்தினா புது ஜோடிக்கு முதல்ல இருந்து சேக்கணும். கடைசி 52 கிழமையில சிறந்த 10 போட்டிதான் கணக்கு.

உங்கட சேர்விஸ எதிர்ப்பக்கத்தார் ஓடிவந்து அடிக்காங்க எண்டீங்களே, நோய் அங்கதான். நீங்க சேர்விஸ் அடிக்கக்குள்ள பந்து முழுசும் தரையில இருந்து 1.15 மீற்றருக்குக் கீழ இருந்தாக் காணும். பயத்தில இன்னும் தாழ்த்தினா, பந்து செங்குத்தா ஏறி வலைக்கு அங்கால உச்சிக்குப் போகும். உச்சி உங்கட பக்கமே முடியணும். வலைக்கு மேல ஒரு சாண் விட்டு நூல் கட்டி, அந்த இடுக்கால நாளைக்கு 100 போடுங்க. காத்தடிச்சா மண்டபத்து யன்னலச் சாத்துங்க. ஜோடிக் கதைய மறுகா பாப்பம்.